சிற்றலை வானொலிக்கு மொட்டை மாடியில் ஏரியல் கட்டுவது எப்படி?

காவிரிக்கரை (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் டெக்சன் பிஎல்-310 கையடக்க வானொலி இருக்கிறது. பக்கவாட்டில் வெளி ஏரியலுக்கான 3.5 மில்லிமீட்டர் துளை உண்டு. பகலில் ஓரளவு கேட்கிறது. விளக்கு வைத்த பிறகு, சிற்றலை நன்றாக எடுக்க வேண்டிய நேரத்தில், 49, 41, 31 மீட்டர் அலைப்பட்டைகளில் எதைத் திருப்பினாலும் ஒரே கரகரப்பு. எந்த நிலையம் என்று அறிவிப்பைப் பிடிப்பதற்குள் குரல் அதில் மூழ்கிவிடுகிறது.

வாடகை வீடு, முதல் மாடி. மேலே மொட்டை மாடி 12 மீட்டர் நீளம். ஒரு கோடியில் மாடிப்படிக் கூண்டு, மறுகோடியில் கைப்பிடிச் சுவர். தெருப் பக்கம் மின்கம்பிகள் போகின்றன. மெல்லிய கம்பி கட்டிக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். சுவரில் துளை போடக்கூடாது என்பது மட்டுமே அவர் நிபந்தனை. எவ்வளவு நீளக் கம்பி வேண்டும்? எந்தக் கம்பி நல்லது? ஐப்பசி மழை வருகிறதே, இடி மின்னலுக்கு என்ன செய்வது?

சிற்றலைநேசன் (காரைக்குடி)

தம்பி, கடைக்குப் போய்க் கம்பி வாங்கும் முன் இன்றிரவே ஒரு சோதனை செய்யுங்கள். வானொலியைப் பேட்டரியில் ஓடவிட்டு, நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் நிறுத்தி, வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். கரகரப்பு சட்டென்று இறங்கினால் எதிரி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். பிறகு ஒவ்வொரு கருவியாகப் போட்டுப் பாருங்கள். விலை மலிவான எல்இடி பல்பு, செட்டாப் பாக்ஸின் அடாப்டர், கைப்பேசி சார்ஜர், மின்னணு விசிறி ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் என்று வரிசையாக ஒவ்வொன்றும் தன் குரலைக் காட்டும். பழுதுபார்க்க என்னிடம் வரும் வானொலிகளில் பாதிக்கு மேல் பழுதே இருப்பதில்லை. அவற்றை வைத்திருந்த அறைதான் பழுது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிற்றலையில், அதிலும் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, வானிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வரும் இரைச்சல், வானொலிக்குள் தானாக எழும் இரைச்சலைவிட மிக அதிகம். கம்பியை நீட்டினால் நிலையத்தின் ஒலி கூடும். கரகரப்பும் அதே அளவு கூடும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே நிற்கும். ஆகவே நீளத்தைவிட, கம்பி எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். வீட்டு மின்சுற்றிலிருந்து விலகி, வெளியே, உயரத்தில் இருக்கும் 8 மீட்டர் கம்பி, ஜன்னல் வழியாக நுழைந்து அறையைச் சுற்றி ஓடும் 25 மீட்டர் கம்பியைத் தோற்கடித்துவிடும். இதை யார் மறுத்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இனி உங்கள் மாடிக்கு வருவோம். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 1 சதுர மில்லிமீட்டர் பிவிசி உறையிட்ட செம்புக் கம்பி போதும். உறையை உரிக்க வேண்டியதில்லை. வானொலி அலைக்கு அந்த உறை ஒரு தடையே அல்ல. கூண்டின் உச்சியிலிருந்து எதிர்ச் சுவருக்கு 10 மீட்டர் அளவில் இழுங்கள். துளை போடாமல் கட்ட, கைப்பிடிச் சுவரோரம் மணல் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் ஒரு மூங்கிலை நட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டினால் ஆயிற்று. இரு முனைகளிலும் கம்பியை நேராகக் கட்டாமல், விரலளவு பிவிசி குழாய்த் துண்டில் இரண்டு துளையிட்டு, ஒன்றில் கம்பியையும் மற்றொன்றில் நைலான் கயிற்றையும் கோத்துவிடுங்கள். மழையில் நனைந்தாலும் மின்காப்பு கெடாது. கம்பியை விண்ணென்று இழுக்காமல் சற்றுத் தொய்வு விடுங்கள், காற்றடிக்கும்போது அறுந்துபோகாது.

கம்பியிலிருந்து அறைக்கு இறங்கும் பகுதியில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். அதே கம்பியை அறை வரை இறக்கினால் வீட்டு இரைச்சல் முழுவதையும் அது வாரிக்கொண்டு வரும். டிஷ் ஆன்டெனாவுக்கு இழுக்கும் ஆர்ஜி-6 கேபிளில் இறக்குங்கள். அதன் வெளி வலை உள்கம்பியைக் காக்கும். கம்பியும் கேபிளும் சேரும் இடத்தில் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கறுப்பு ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான் போன்ற பொருள்) வளையம் ஒன்றில் எனாமல் கம்பியால் ஏரியல் பக்கத்துக்கு 21 சுற்று, கேபிள் பக்கத்துக்கு 7 சுற்று, தனித்தனியாகச் சுற்றுங்கள். சுற்று விகிதம் மூன்று, மின்மறுப்பு விகிதம் ஒன்பது. நீளக் கம்பியின் சில நூறு ஓம் மறுப்பு, கேபிளின் 75 ஓமுக்கு ஏறத்தாழ இணங்கிவிடும்.

21 சுற்றின் ஒரு முனை ஏரியலுக்கு. மறுமுனையில் 5 அல்லது 6 மீட்டர் கம்பியை இணைத்துச் சுவரோரம் தரையில் கிடத்துங்கள். மண்ணில் அடித்த செம்புக் கோல் பக்கத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது; மாடியில் அதற்கு வழியில்லை. 7 சுற்றின் இரு முனைகளும் கேபிளின் உள்கம்பிக்கும் வலைக்கும். இரண்டு சுற்றுகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கேபிளின் வலை வழியாக வீட்டு இரைச்சல் ஏறி ஏரியலுக்குப் போவதை இந்தப் பிரிவுதான் தடுக்கிறது. ஈயம் வைக்கும்போது எனாமலைச் சுரண்டிவிட மறக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் அடைத்து, மூடியின் ஓரத்தைச் சிலிக்கானால் பூசிவிடுங்கள்.

மின்னலுக்கு ஒரே வழிதான். வானம் இருட்டினால் கேபிளை வானொலியிலிருந்து பிடுங்கி, ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். ஊருக்குப் போகும்போதும் அப்படியே. மின்னல் நேரடியாக விழ வேண்டியதில்லை. அருகில் எங்கோ விழுந்தாலே கம்பியில் தூண்டப்படும் மின்னழுத்தம் வானொலியின் முதல் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். தெருப் பக்கம் ஏரியல் போகவே கூடாது. கம்பி அறுந்தாலும் மூங்கில் சாய்ந்தாலும் மின்வாரியக் கம்பியைத் தொட முடியாத தூரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டுங்கள்.

ஆறாவது மாடி (சென்னை)

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மொட்டை மாடிச் சாவி எங்களுக்குக் கிடைக்காது. நான் பால்கனியில் வளைய ஏரியல் வைத்திருக்கிறேன். ஒரு மீட்டர் விட்டத்தில், தடித்த கேபிளின் வெளி வலையையே கடத்தியாகக் கொண்டு ஒரே ஒரு வளையம். இரு முனைகளுக்கும் நடுவே ரிச்சி தெருவில் வாங்கிய பழைய காங் கண்டன்சர், அதாவது பழைய வானொலிகளில் நிலையம் மாற்றத் திருப்பும் கண்டன்சர். 365 பிக்கோஃபாரட் காங் என்றால் ஏறக்குறைய 5 மெகாஹெர்ட்ஸிலிருந்து 15 வரை இசைக்கலாம். அதற்குள்ளே 20 சென்டிமீட்டர் விட்டத்தில் இன்னொரு சிறு வளையம். அது பெரிய வளையத்தைத் தொடாது, அதிலிருந்துதான் வானொலிக்குக் கேபிள் போகிறது.

நிலையத்தை மாற்றும்போதெல்லாம் காங்கைத் திருப்ப வேண்டும். சரியான இடத்தில் முள் நின்றதும் ஒலி திடீரென்று மேலே எழும். ஒரு மயிரிழை தாண்டினால் போய்விடும். அந்தக் கூர்மைதான் இதன் பலம், பக்கத்து அலைவரிசையின் தொல்லை குறையும். இன்னொன்று: வளையத்தைத் திருப்பித் திருப்பி வைத்தால் ஒரு திசையில் இரைச்சல் மட்டும் அடங்கும். எதிர் வீட்டு இன்வெர்ட்டரை நான் இப்படித்தான் அடக்கி வைத்திருக்கிறேன். மாடியில் இடம் இருப்பவருக்குச் சிற்றலைநேசன் ஐயா சொன்ன கம்பியே எளிது.

காவிரிக்கரை (கும்பகோணம்)

ஐயா, மெயின் சுவிட்ச் சோதனை செய்தேன். இரைச்சல் பாதிக்கு மேல் இறங்கியது. செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் மாடிப்படி எல்இடி பல்பும்தான் காரணம். பல்பை மாற்றிவிட்டேன், கேட்கும் நேரத்தில் அடாப்டரைக் கழற்றிவிடுகிறேன். மாடியில் கம்பியும் கட்டியாகிவிட்டது. இப்போது இரண்டு சந்தேகங்கள். இங்கே ஃபெரைட் வளையம் கிடைக்கவில்லை. பழைய கணினி எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) ஒன்று இருக்கிறது, அதிலுள்ள வளையம் ஆகுமா? டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கம்பியை நேராக வானொலியின் குச்சி ஏரியலில் கிளிப் போட்டுப் பார்த்தேன். இரவு எட்டு மணிக்கு ஒரே நிலையம் நான்கு இடங்களில் கேட்கிறது, ஒன்றின் மேல் ஒன்று பேசுகிறது. வானொலி கெட்டுவிட்டதா?

சிற்றலைநேசன் (காரைக்குடி)

வானொலி நன்றாக இருக்கிறது, பயப்பட வேண்டாம். கையடக்கப் பெட்டிகள் தம் குச்சி ஏரியலை நம்பிச் செய்யப்பட்டவை. 10 மீட்டர் கம்பியை நேராகக் கிளிப் போட்டால் பலமான நிலையங்கள் வானொலிக்குள் இருக்கும் முதல் மின்சுற்றையே திணறடித்துவிடும். அதனால்தான் ஒரே குரல் பல இடங்களில். கேபிள் வழி வரும்போதும் இரவில் இது நேரலாம். 1 கிலோஓம் வால்யூம் கண்ட்ரோல் ஒன்றை எடுத்து, அதன் இரு ஓர முனைகளைக் கேபிளின் உள்கம்பிக்கும் வலைக்கும் கொடுத்து, நடு முனையிலிருந்தும் வலையிலிருந்தும் வானொலிக்கு எடுங்கள். பலம் அதிகமானால் திருகைக் குறையுங்கள். ஒலி சற்றே குறைந்து, குரல்கள் தனித்தனியாகப் பிரியும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இரண்டு வகை வளையங்கள் இருக்கும். மஞ்சள் வண்ணத்தில், ஒரு பக்கம் வெள்ளை பூசியது இரும்புத்தூள் வளையம். சிற்றலைக்கு வேண்டாம், அலையைத் தின்றுவிடும். மின்சாரம் உள்ளே வரும் பக்கத்தில் எதிரெதிராக இரண்டு சுருள் சுற்றிய வளையம் ஒன்று இருக்கும். அது ஃபெரைட். பழைய சுற்றை அவிழ்த்துவிட்டு அதில் சுற்றுங்கள், கேட்பதற்குப் போதும். பெட்டியைத் திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து வெகுநேரம் விட்டுவையுங்கள். பெரிய கண்டன்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கட்டி முடித்ததும் 10000 கிலோஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். சீனாவின் ஷான்சி மாநிலத்திலுள்ள பிபிஎம் நேர நிலையம் (சரியான நேரத்தை அறிவிக்கும் நிலையம்) நொடிக்கொரு துடிப்பு அனுப்பும். 5000-இலும் உண்டு, அது இருட்டிய பிறகு நன்றாக எடுக்கும். பகலில் கீழ் அலைவரிசைகளை அயனி மண்டலத்தின் டி அடுக்கு விழுங்கிவிடுகிறது, சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடுகிறது. பேச்சும் பாட்டும் ஏறி இறங்கும்; இந்தத் துடிப்பு ஒரே மாதிரி வருவதால் ஏரியலைச் சோதிக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. குச்சி ஏரியலில் ஒருமுறை, கம்பியில் ஒருமுறை என்று உடனுக்குடன் மாற்றிக் கேளுங்கள். துடிப்புக்கும் பின்னால் உள்ள கரகரப்புக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கிறதா என்று கவனியுங்கள். எஸ் மீட்டர், அதாவது அலையின் பலம் காட்டும் எண்ணைப் பார்க்காதீர்கள்.

பிபிசியின் தமிழோசை 2017-இல் வானொலியை விட்டது, மணிலாவிலிருந்து இயங்கும் வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி 2018-இல் சிற்றலையை விட்டது. அதற்காகச் சிற்றலையே போய்விட்டது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பழைய அட்டவணையை வைத்துத் தேடுவதால்தான் பலருக்கு எதுவும் அகப்படுவதில்லை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் உலகெங்கும் அலைவரிசைகள் மாறும். அந்த வாரத்தில் புதிய அட்டவணையை எடுத்துக்கொண்டு 49 மீட்டரிலிருந்து மேலே வாருங்கள். வளையம் சுற்றும்போது சந்தேகம் வந்தால் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.