அரசியல் சரி, கவிதை சரியில்லை: தொகுப்பில் சேர்க்கலாமா?

தோவாளை வாசகன்:
மலை உடைப்பதை எதிர்த்து ஒரு கவிதைத் தொகுப்பு. வந்தது 40, எடுக்க வேண்டியது 25. கருத்தில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் பாதிக்கு மேல் "மலையைத் தின்னும் முதலாளியே" என்ற ஒரே கத்தல். குவாரிப் புழுதியைத் தின்கிறவரிடம் "உங்க கவிதை சரியில்ல" என்று எப்படிச் சொல்ல? எதை வைத்துத் தள்ள?

பூதப்பாண்டி:
அண்ணாச்சி, பெயர்களை மறைத்துவிட்டுப் படியுங்கள். சுரண்டல், அதிகாரம், விடியல், புரட்சி என்று வருகிற சொற்களைப் பென்சிலால் அடியுங்கள். மிச்சத்தில் ஒரு லாரியோ, வற்றின ஊற்றோ, விரிசல் விட்ட சுவரோ நின்றால் கவிதை உண்டு. ஒன்றும் நிற்காவிட்டால் அது துண்டறிக்கை. கடைசி மூன்று வரிகளையும் மறைத்துப் பாருங்கள். தீர்ப்பு சொல்லும் ஆசை பெரும்பாலும் அங்கேதான் வந்து கெடுக்கும். எழுதியவரிடம் கேட்டு அதை மட்டும் வெட்டினால் சிலது பிழைக்கும்.

தேரூர்க்காரி:
நம்ம கவிமணியின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய'த்தை எடுத்துப் பாருங்க. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரி மகனுக்குப் போகிற மருமக்கள்வழிச் சொத்துரிமையைக் கண்டிக்கிற நூல்தான். ஆனால் கவிமணி மேடையேறவில்லை. குடும்பத் தலைவரான காரணவரின் ஐந்தாம் மனைவியைப் பேசவிட்டார். புராணம்போலப் படலம் பிரித்து அவள் ஆற்றாமையைக் கொட்டுகிறாள்: மாமி அரசியற் படலம், கோடேறிக் குடிமுடித்த படலம். கோர்ட்டு ஏறினால் குடி முடியும் என்பதைத் தலைப்பே சொல்லியாச்சு. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து முறை மாறியது, கோரிக்கை தீர்ந்தது. நூல் தீரவில்லை, இன்னும் சிரிப்பு வருது. அதனால் என் சோதனை இது: குவாரி எல்லாம் மூடியாச்சு என்று வைத்துக்கொண்டு 40-ஐயும் படியுங்க.

குளச்சல்:
பென்சில் சோதனை பாட்டுக்கு ஆகாது, பாத்துக்கிடுங்க. பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவின் 'காலுக்குச் செருப்புமில்லை' கூட்டம் சேர்ந்து பாட எழுதினது. அதில் 'தோழனே'யை அடித்தால் பாட்டு படுத்துவிடும். பாட்டை வாய்விட்டுப் பாடணும்: மூச்சு எங்கே முட்டுது, கேட்டவர் இரண்டாம் தடவை கூடப் பாடுவாரா? அப்போதும் கவனிங்க, தொடங்குவது வறுமை என்ற சொல்லில் இல்லை, செருப்பிலும் கால் வயிற்றுக் கூழிலும். பாட்டுகளைத் தனிப் பகுதியாக வையுங்கள்.

இன்னொன்று. கோபக் கவிதைக்கு மட்டும் பென்சிலை எடுக்காதீங்க. மலை, மேகம், மௌனம் என்று வருகிற 'அழகான' கவிதையிலும் அந்த மூன்றையும் அடியுங்க. அங்கேயும் தாள் காலியாகும்.

தோவாளை வாசகன்:
அடித்துப் பார்த்தேன். காலியானதில் இரண்டு, நான் முதலிலேயே எடுத்து வைத்தவை.