பட்டறைக்கு விறகு பாய்லர் வந்துவிட்டது

குழு: ஆரணி வீடு

பெரியப்பா, காலை 7.10
பட்டறைக்கு விறகு பாய்லர் வந்து இறங்கிவிட்டது. 200 லிட்டர். இனிமேல் பட்டு வேகவைக்க செம்பு அண்டாவும் கல் அடுப்பும் வேண்டாம். படம் அனுப்பியிருக்கிறேன்.

அம்மா, 7.14
ரொம்ப சந்தோஷம் மாமா. அக்கா கண்ணுக்கு இனியாவது விடிவு வரட்டும்.

நான், 7.31
பெரியப்பா, மேலே நிற்கிற குழாயில் சிவப்புக் கைப்பிடி வைத்த வால்வு தெரிகிறதே, எதற்கு?

பெரியப்பா, 7.33
சூடு வீணாகாமல் அடைத்து வைக்கலாம் என்று வெல்டிங் கடைக்காரர் போட்டுக் கொடுத்தார்.

நான், 7.36
அப்படியானால் இன்று தீ மூட்டாதீர்கள், ப்ளீஸ். ஆவி வெளியே போக அது ஒன்றுதான் வழி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். இது வெறும் வெந்நீர் பாய்லர், இந்தத் தகடு தாங்காது.

பெரியப்பா, 7.38
நான் மூடவே மாட்டேனே அம்மாடி.

நான், 7.40
நீங்கள் மூட மாட்டீர்கள். கூடமாட வேலைக்கு வருகிற பையன் கை பட்டால்? வால்வைக் கழற்றிவிட்டு வெறும் குழாயாகக் கூரைக்கு வெளியே விடச் சொல்லுங்கள். நான் மில்லில் தினமும் பாய்லர் பக்கத்திலேயே நிற்கிறவள், அதனால்தான் பயப்படுகிறேன்.

அண்ணன், 7.52
இதற்கு லைசென்ஸ் வேண்டுமா?

நான், 7.55
25 லிட்டருக்கு மேல் கொள்ளளவு இருந்து, அழுத்தத்தில் ஆவி எடுத்தால் கொதிகலன் சட்டத்துக்குள் வரும், பதிவும் ஆய்வும் உண்டு. திறந்த குழாயோடு 100 டிகிரிக்குக் கீழே தண்ணீர் காய்ச்சினால் வராது.

பெரியப்பா, 8.02
நமக்கு 90 டிகிரி போதும். சோப்பும் சோடாவும் போட்டு அந்தச் சூட்டில் வைத்தாலே பட்டு நூலில் இருக்கிற பசை விட்டுவிடும். தளதளவென்று கொதித்தால் நூல் கழி சிக்கு விழும். விறகு எவ்வளவு ஆகும்?

நான், 8.06
200 லிட்டரை 28இலிருந்து 90க்கு ஏற்ற 12,400 கிலோ கலோரி. காய்ந்த விறகு கிலோவுக்கு 3,500 தரும். பாதி வீணானாலும் ஏழு கிலோ.

பெரியப்பா, 8.07
அண்டாவுக்குப் பதினைந்துக்குக் குறையாது!

பெரியம்மா, 8.20
புகை எங்கே போகும்? போன மாதம் வெள்ளைக் கழியில் கரி விழுந்து மூன்று தண்ணீர் அலசினேன்.

நான், 8.24
புகைக்குழாயை முகட்டுக்கு மேல் மூன்று அடி ஏற்றுங்கள் பெரியம்மா. தாழ இருந்தால் காற்று புகையைத் திருப்பி உள்ளேயே அடிக்கும். அப்புறம், பிளந்து ஆறு மாதம் காய்ந்த கருவேல் மட்டும். ஈர விறகு போட்டால் குழாயில் தார் படியும். தொட்டி நிரம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தீ.

பெரியப்பா, மாலை 5.40
வால்வை எடுத்தாயிற்று. புகைக்குழாயும் முகட்டுக்கு மேல் ஏறிவிட்டது.

பெரியம்மா, மறுநாள் காலை 6.15
பற்ற வைத்தோம். வால்வு எடுத்த குழாய் வாயில் மெல்லிசாக ஆவி வருகிறது. அரை மணி நேரமாகப் பக்கத்திலேயே நிற்கிறேன், கண் எரியவில்லை.