கைபாப் மேட்டுநிலம், கிராண்ட் கேன்யன் வடக்கு விளிம்பு: மறக்க முடியாத ஒரு கணம்

ஊர்சுற்றி:
கேப் ராயல் காட்சிமுனைக்குப் போகிற வழியில் வால்ஹல்லா கிளேட்ஸ், ஒரு பழைய குடியிருப்பின் இடிபாடு. வண்டியில் வந்த அத்தனை பேரும் பள்ளத்தாக்குப் பக்கம் படமெடுக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் சாலையைத் தாண்டினேன். பைன் சருகுக்குள் தாழ்வான கல்வரிசைகள். ஒரு காலத்தில் அறைகள். கி.பி. 1050 வாக்கில் பழங்குடி மக்கள் இங்கே குடியேறி, நூறு வருடம்போல விவசாயம் செய்திருக்கிறார்கள். 8,000 அடி உயரத்தில் மக்காச்சோளமா என்று யோசித்துக்கொண்டே விளிம்புக்கு வந்தேன். கீழேயிருந்து வெதுவெதுவென்று ஒரு காற்று முகத்தில் அடித்தது. மரத்தடியில் ஸ்வெட்டர் தேவைப்பட்டது, இங்கே வேண்டியிருக்கவில்லை. அந்தக் காற்றுதான் பனியைச் சீக்கிரம் கரைத்து விதைப்புக்கு நாள் கொடுத்ததாம். நேர் கீழே கொலராடோ ஆற்றங்கரையில் உன்கார் டெல்டா, அங்கேயும் வயல். இவ்வளவும் செய்துவிட்டு அப்படியே மறைந்துபோனார்கள்.

சாரல்:
மறைந்தெல்லாம் போகவில்லை. இடம் மாறினார்கள். ஹோப்பி, சூனி பழங்குடி மக்களைக் கேளுங்கள், எங்கள் முன்னோர் என்பார்கள். கைபாப் என்பதே பாயூட் பழங்குடியினரின் சொல், 'படுத்திருக்கும் மலை' என்று பொருள். அவர்களும் இன்று அங்கேதான் இருக்கிறார்கள். 'மறைந்த மக்கள்' என்று எழுதினால் எனக்கு எரிச்சல் வரும். சரி, என் அனுபவம்: கறுப்பு உடம்பு, வெள்ளை வால், ஓர் அணில். இயற்கையாக இந்த மேட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. இரண்டே விநாடி பார்த்தேன்.

மலைமேடு:
ஏஞ்சல்ஸ் விண்டோ என்ற பாறை வளைவின் மேல் நின்றபோது கைமுடி குத்திட்டு நின்றது, மின்னலுக்கு அறிகுறி. ஓடி வந்துவிட்டேன், பின்னாலேயே இடி. போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்குள் விளிம்பு வேலையை முடித்துவிடுங்கள். தனிமரத்தடியில் ஒதுங்காதீர்கள். தெற்கு விளிம்பு எதிரே 10 மைல்தானே என்று நினைக்காதீர்கள், சாலையில் 200 மைலுக்கு மேல். தெற்கைவிட இங்கே ஆயிரம் அடி உயரம், மூச்சு வாங்கும். குளிர்காலத்தில் பனியால் சாலையே மூடிவிடும். பெட்ரோல் போட்டுக்கொண்டு, சாலை நிலவரமும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஊர்சுற்றி:
சாரல், ஒப்புக்கொள்கிறேன். 'இடம் மாறினார்கள்' என்றே வைத்துக்கொள்வோம்.

வேப்பங்காற்று:
நான் நினைப்பது வடக்கு விளிம்பிலிருந்த அந்த லாட்ஜைத்தான். 1928இல் கட்டி, 1932இல் எரிந்து, மறுபடி எழுப்பினார்கள். 2025 ஜூலையில் திரும்பவும் தீயில் அழிந்தது. அதற்கு முன்பெல்லாம் வாசலில் நுழைந்தால் ஒன்றும் தெரியாது; நாலு படி இறங்கினால் ஜன்னல் முழுக்கப் பள்ளத்தாக்கு. அங்கே ஒரு வெண்கலக் கழுதைச் சிலை இருந்தது, தடவித் தடவி மூக்கு மட்டும் பளபளத்தது. கூட்டமாக இருக்கிறது, அடுத்த முறை தடவிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.