புதுப்பிப்பு: சாம்பல் கலந்த கான்கிரீட் ப்ராஜெக்ட் என்ன ஆனது?

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். சிவில் கடைசி வருட ப்ராஜெக்டுக்காக எம்25 கலவையில் (28-ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தம் தாங்கவேண்டிய கான்கிரீட்) சிமென்ட்டை 30 சதவீதம் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்திருந்தோம். சோதனைக்காக வார்த்த க்யூப்களை (கான்கிரீட் கனசதுரங்கள்) 7-ஆம் நாள் மெஷினில் அழுத்தி உடைத்ததில் சதுர மில்லிமீட்டருக்கு 13 நியூட்டன்தான் வந்தது. சாம்பல் சேர்க்காத சாதா கலவை 20. தலைப்பையே மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தேன்.

"மாற்றாதே, 56 நாள் தண்ணீரில் ஊறட்டும்" என்றீர்கள். கேட்டது நல்லதாய்ப் போயிற்று. 28-ஆம் நாள் 24, 56-ஆம் நாள் 32. சாதா கலவை 35-இல் நிற்கிறது. சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது வெளிவரும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு சாம்பலின் சிலிக்கா வினைபுரிந்தால்தான் அதற்குப் பிடிப்பு வரும். முதல் வாரத்தில் அந்த வேலை ஆமை வேகம்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 7-ஆம் நாள் ஒரு க்யூபை, கரண்டியால் மட்டம் செய்த சொரசொரப்பான முகம் மேலே இருக்கும்படி மெஷினில் வைத்துவிட்டோம். அச்சுத் தகட்டை ஒட்டியிருந்த வழவழப்பான பக்கங்கள்தான் மேலும் கீழும் வரவேண்டும். லேப் அண்ணன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஒன்று மட்டும் 11 காட்டியது, சராசரியையும் இழுத்துவிட்டது. ரிப்போர்ட்டில் அதை மறைக்காமல் எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம் வைவா. உடைந்த க்யூப்களை வாட்ச்மேன் அண்ணன் சைக்கிள் ஸ்டாண்டில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க எடுத்துப்போய்விட்டார்.