டிசம்பர்ல ஊருக்கு டிக்கெட்: சிட்னிக்குப் புதுசா வந்தவங்களுக்கு

"டிசம்பர்ல சென்னைக்குப் போகணும், சீப்பா டிக்கெட் எப்படி எடுக்கறது?" இந்த வாரம் மட்டும் மூணு பேர் கேட்டாச்சு. ஆளாளுக்குத் தனித்தனியா சொல்றதை விட இங்கேயே எழுதிடறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

முதல்ல கசப்பைச் சொல்லிடறேன். டிசம்பர்ல சீப் டிக்கெட்னு ஒண்ணு கிடையாது. நியூ சவுத் வேல்ஸ் பள்ளிக்கூடமெல்லாம் டிசம்பர் மூணாவது வாரம் வாக்கில மூடி, ஜனவரி கடைசிலதான் திறக்கும். சிட்னியில வென்ட்வொர்த்வில்ல இருந்து ஹோம்புஷ் வரைக்கும் அத்தனை குடும்பமும் ஒரே பத்து நாள்ல கிளம்பி ஒரே பத்து நாள்ல திரும்பணும்னா விலை எங்க நிக்கும்? ஸ்கூல் போற பிள்ளை இல்லாதவங்க பிப்ரவரி கடைசி, மார்ச், மே, ஆகஸ்ட்னு பாருங்க. டிசம்பர்தான் வேணும்னா ஏழெட்டு மாசம் முன்னாடியே எடுத்துட்டு, அப்புறம் அந்த விலையைத் திரும்பிப் பார்க்காதீங்க. மனசுக்கு நல்லது.

ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தேடு, பிரவுசர்ல இன்காக்னிட்டோ போடு, செவ்வாய்க்கிழமை வாங்கு... இதெல்லாம் வாட்ஸப் வைத்தியம். உண்மையிலேயே தெரிஞ்சிக்க வேண்டியது வேற. எகானமிங்கறது ஒரே விலை இல்லை. ஒரே மாதிரி சீட்டுதான், ஆனா அதுக்குள்ள பல விலை அடுக்கு இருக்கும். கீழ் அடுக்கு தீர்ந்தா அடுத்த அடுக்கு திறக்கும். இதுல ஒரு சூட்சுமம்: நாலு பேருக்குச் சேர்த்துத் தேடறீங்க, கீழ் அடுக்குல மூணு சீட்டுதான் மிச்சம்னா, நாலு பேருக்குமே மேல் அடுக்கு விலையைத்தான் காட்டும். அதனால முதல்ல ஒரு ஆளுக்குத் தேடுங்க, அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. எங்க விலை குதிக்குதுன்னு கண்ணுலயே தெரியும். மூணு ஒரு புக்கிங், ஒண்ணு தனி புக்கிங்னு பிரிச்சு எடுத்துட்டு, ஏர்லைனுக்கு போன் போட்டு ரெண்டையும் சேர்த்துக் குறிச்சு வைக்கச் சொல்லுங்க. குழந்தையை மட்டும் தனி புக்கிங்ல விட்டுடாதீங்க.

வழின்னு பார்த்தா, சென்னைல இருந்து சிட்னிக்கு நேர் விமானம் இல்லை. சிங்கப்பூர் வழிதான் நம்ம ஆளுங்களுக்குப் பழகின வழி. சென்னைல இருந்து நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அங்கிருந்து சிட்னிக்கு எட்டு மணி நேரம். அடுத்தது கோலாலம்பூர். கொழும்புல இருந்து ஸ்ரீலங்கன் சிட்னிக்கு நேரா வருது. யாழ்ப்பாணத்துக்காரங்க மட்டுமில்லை, திருச்சி, மதுரைக்காரங்களும் அதைப் பார்க்கலாம். குவாண்டாஸ் 2022ல இருந்து பெங்களூருக்கு நேரா போகுது. ஓசூர், சேலம், வேலூர் பக்கம் வீடுன்னா சென்னைக்குப் போய்த் திரும்பி வர்றதுக்கு அதுவே மேல். திருச்சிக்காரங்க சென்னையையே மறந்துடலாம், ஸ்கூட் சிங்கப்பூர்ல இருந்து திருச்சிக்கே போகுது. சிட்னில இருந்து டில்லிக்கு ஏர் இந்தியா நேரா போகும், அங்கிருந்து சென்னைக்கு மாறணும். ஆனா பெரும்பாலும் டில்லியிலேயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி போட வேண்டியிருக்கும். கைக்குழந்தையோட அதைச் செஞ்சு பார்த்தவங்க ரெண்டாவது தடவை போக மாட்டாங்க.

இப்ப நான் சூடு பட்ட கதை. மாமனார், மாமியார் முதல் தடவை வந்தப்போ நானே புத்திசாலித்தனமா ரெண்டு தனி டிக்கெட் எடுத்தேன். சென்னைல இருந்து நடுவழி ஊர் வரைக்கும் ஒரு கம்பெனி, அங்கிருந்து சிட்னிக்கு வேற கம்பெனி. ரெண்டு பேருக்கும் சேர்த்து 220 டாலர் மிச்சம். நடுவுல நாலு மணி நேரம் இருக்கேன்னு ஒரு தைரியம். முதல் விமானம் மூணு மணி நேரம் லேட். இறங்கறப்போ ரெண்டாவது விமானத்தோட கவுன்டர் மூடியாச்சு. அவங்க கணக்குல இவங்க "வரவே இல்லை". முதல் கம்பெனியோ, "எங்க டிக்கெட் இதோட முடிஞ்சுது"ன்னு கை விரிச்சுட்டாங்க. ரெண்டு பேர் சொன்னதும் சட்டப்படி சரிதான், அதுதான் எரிச்சல். அன்னைக்கு ராத்திரி புது டிக்கெட்டுக்கு எழுநூறு டாலருக்கு மேல அழுதேன். மாமனார் போன்ல, "ஒண்ணும் இல்லைம்மா, இங்க ஏசி நல்லா இருக்கு"ன்னு சொன்னார். அது இன்னும் கஷ்டமா இருந்தது.

ஒரே டிக்கெட்டா இருந்திருந்தா அடுத்த விமானத்துல ஏத்த வேண்டியது அவங்க பொறுப்பு. பெட்டியும் சிட்னி வரைக்கும் தானா வந்திருக்கும். தனி டிக்கெட்னா பெட்டியை எடுக்க இமிகிரேஷன் தாண்டணும். அதுக்கு அந்த நாட்டு விசா வேணுமான்னு தனியா பார்க்கணும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா கேட்கும். ஆஸ்திரேலிய விசா வச்சிருக்கவங்களுக்கு 96 மணி நேர டிரான்சிட் சலுகை ஒண்ணு இருக்கு, அதுக்கும் நிபந்தனைகள் உண்டு. தனியாளா, கைப்பை மட்டும்னா இந்த விளையாட்டை விளையாடுங்க. பெத்தவங்களை வச்சு விளையாடாதீங்க.

இன்னொண்ணு: போகவர எடுத்த டிக்கெட்ல முதல் விமானத்தை விட்டுட்டா, திரும்பி வர்ற சீட்டும் சேர்ந்து போயிடும். "போறதுக்கு வேற வழில போயிட்டோம், வர்றதுக்கு இதை வச்சுக்கலாம்"னு நினைக்காதீங்க.

பேர் விஷயம். இது நம்ம ஆளுங்களுக்கே உள்ள தலைவலி. பாஸ்போர்ட்ல 'சர்நேம்' இடம் காலியா, 'கிவன் நேம்'ல மட்டும் கோவிந்தசாமின்னு இருக்கும். டிக்கெட் சைட் சர்நேம் இல்லாம நகரவே நகராது. உடனே பையன் அப்பாவோட இனிஷியலை அங்க போட்டு வச்சிடுவான். செய்யாதீங்க. சில ஏர்லைன் அதே பேரை ரெண்டு கட்டத்துலயும் போடச் சொல்லும். சிலது 'எஃப்.என்.யூ'ன்னு (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்) போடச் சொல்லும். அந்தந்த ஏர்லைனோட பக்கத்துல பார்த்து, அவங்க சொன்னபடி போடுங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டைப் பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க. புக் பண்ணதுக்கு அப்புறம் பேர் மாத்தறது சில இடத்துல புது டிக்கெட் விலைக்கே வந்து நிக்கும்.

ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்ல ஒட்டற ஸ்டிக்கர் இல்லை, பாஸ்போர்ட் நம்பரோட கம்ப்யூட்டர்ல கட்டி வச்சிருக்காங்க. விசா வந்ததுக்கு அப்புறம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சிருந்தா, இமிஅக்கவுன்ட்ல, அதாவது விசாவுக்கு அப்ளை பண்ற அரசாங்க ஆன்லைன் கணக்குல, புது நம்பரைச் சொல்லிடுங்க. இல்லைன்னா சென்னை செக்-இன் கவுன்டர்ல மாட்டிப்பீங்க. அதே மாதிரி பெத்தவங்களுக்கு 600 விசா (விசிட்டர் விசா) கையில வர்றதுக்கு முன்னாடி டிக்கெட் எடுக்காதீங்க. மூணு மாசம் தங்க விட்டாங்களா, பன்னெண்டு மாசமா, எந்தத் தேதிக்குள்ள நுழையணும் எல்லாம் கிராண்ட் லெட்டர்ல இருக்கும். திரும்பற தேதியை அதைப் பார்த்துத்தான் போடணும்.

பெத்தவங்களுக்கு வீல்சேர் கேளுங்க. காசு கிடையாது, புக் பண்றப்பவோ ரெண்டு நாள் முன்னாடியோ சொன்னா போதும். "எனக்கென்ன, நான் நல்லாத்தான் நடக்கறேன்"னு அப்பா கோவிச்சுப்பார். முழங்கால் வலிக்கிறவங்களுக்கு அந்த நீள நடை மிச்சம். அதோட கேட் மாறினா கூட்டிட்டுப் போக ஒரு ஆள் கூடவே இருப்பார். இங்கிலீஷ் வராத அம்மாவுக்கு அதுதான் பெரிய நிம்மதி.

சிட்னி விமான நிலையத்துக்கு ராத்திரி 11 மணிலேர்ந்து காலை 6 மணி வரைக்கும் ஊரடங்கு. சாயங்காலத்துக்கு மேல கிளம்பற விமானம் லேட்டாயி 11ஐத் தொட்டா, பல நேரம் மறுநாள்தான். அதனால கடைசி நேர விமானத்தை நம்பி சென்னைல மறுநாள் கல்யாணம் வச்சுக்காதீங்க.

பின்னாடி கேட்டவங்களுக்கு:

குழந்தைக்கு டிக்கெட்: ரெண்டு வயசுக்குள்ளன்னா மடியில, பெரும்பாலான பெரிய ஏர்லைன்ல பெரியவங்க கட்டணத்துல பத்துல ஒரு பங்கு. ஆனா ஊர்ல இருக்கறப்போ ரெண்டு வயசு முடிஞ்சா, திரும்பறப்போ தனி சீட்டு வாங்கணும். பிறந்தநாளை மனசுல வச்சுத் தேதி போடுங்க. தொட்டில் சீட்டுக்கு போன் பண்ணிக் கேட்கணும், எடையும் பார்ப்பாங்க.

"டிக்கெட்ல 70 டாலர் ஏதோ வரி போட்டிருக்காங்களே?" அது ஆஸ்திரேலியாவை விட்டுக் கிளம்பறவங்க எல்லாரும் கட்டற பாசஞ்சர் மூவ்மென்ட் சார்ஜ். 2024 ஜூலைல 60ல இருந்து 70 ஆச்சு. பன்னெண்டு வயசுக்குள்ள இருக்கற பிள்ளைகளுக்கு இல்லை. பேரம் பேச முடியாது.

பெட்டி: பட்ஜெட் ஏர்லைன் விலையோட பெட்டிக் காசு, சாப்பாடு எல்லாம் கூட்டிப் பாருங்க, அப்புறம் பெரிய ஏர்லைனோட ஒப்பிடுங்க. பல தடவை வித்தியாசம் அம்பது டாலர்கூட இருக்காது. மொத்த எடை எவ்வளவு தந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. திரும்பி வர்றப்போ ஊறுகாய், பொடி எதுவா இருந்தாலும், ஆஸ்திரேலியாவுக்குள்ள நுழையறப்போ நிரப்பற கார்டுல 'யெஸ்' போடுங்க. சொல்லிட்டா அதிகபட்சம் தூக்கிப் போடுவாங்க, மறைச்சாத்தான் அபராதம். கருவேப்பிலையை மட்டும் அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, எத்தனை தடவை சொன்னாலும் ஒரு கொத்து எங்கேயாவது மடிச்சு வச்சிருப்பாங்க.

வீட்டுக்கு வர்றது: விமான நிலைய ரயில் ஸ்டேஷனுக்குன்னு தனிக் கட்டணம் போடறாங்க, நாலு பேர் பெட்டியோடன்னா டாக்சியே தேவலை. தனியாளா இருந்து நேரமும் இருந்தா, டெர்மினல் 1 வாசல்ல 420 பஸ், அந்தக் கட்டணம் இல்லை. பர்வுட் வரைக்கும் வந்து அங்க ரயில் மாறிக்கலாம்.