கணக்கில் புலி, ஒலிம்பியாட் வகுப்பு என்றால் வயிற்றுவலி

மதுரை அம்மா:
பையன் நாலாவது படிக்கிறான். ஆறாவது கணக்குப் புத்தகத்தைத் தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன். சொந்தக்காரர்கள் வந்தால் ‘குட்டி ராமானுஜன்’ என்று கூப்பிட்டு மனக்கணக்கு கேட்பார்கள், எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒலிம்பியாட் வகுப்பில் சேர்த்த பிறகு சனிக்கிழமை காலை ஆனால் வயிற்றுவலி என்கிறான். தெரிந்த கணக்கை மட்டும் போடுகிறான், கொஞ்சம் சுற்றவிடும் கணக்கு என்றால் நோட்டை மூடிவிடுகிறான். கண்டித்தால்தான் சரிவரும் என்கிறார் அவன் அப்பா. விட்டுவிடலாம் என்கிறேன் நான். தினமும் இதே சண்டை.

பக்கத்து ஊர்க்காரி:
முதலில் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம் மற்றது.

ரிட்டயர்டு வாத்தியார்:
அந்தப் பட்டப்பெயரை முதலில் நிறுத்துங்கள் அம்மா. அமெரிக்காவில் முல்லர், டுவெக் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து, சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டிவிட்டு, அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். அதில் தடுமாறிய பிறகு பழையபடி எளிதானதைக் கொடுத்தும், புத்திசாலி என்று பேர் வாங்கியவர்கள் முதல் தடவையைவிட மோசமாகச் செய்தார்கள், மற்றவர்களோ முன்னேறினார்கள். மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் புத்திசாலிக் கூட்டத்தில்தான் அதிகம்! உங்கள் பையனுக்குப் பயம் கணக்கைப் பார்த்து இல்லை, பேர் போய்விடுமே என்றுதான்.

இரண்டு பிள்ளைக்காரன்:
சகோதரி, கண்டிப்பதா விடுவதா என்று இரண்டே வழிதானா? டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960களிலேயே மூன்றாவது ஒன்றைச் சொன்னார்: வரம்பு வைப்பது, ஆனால் காரணம் சொல்லி, பிள்ளை பேசுவதையும் கேட்டு. பிரக்ஞானந்தாவின் அம்மாவைப் பாருங்கள், போட்டிக்குப் போகும் ஊரிலும் அடுப்பு வைத்துச் சோறு பொங்கிக் கொடுக்கிறார், காய் நகர்த்துவதைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுகிறார்.

பக்கத்து ஊர்க்காரி:
ஜெயித்த பிள்ளையின் அம்மாவைத்தான் எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரி சோறு பொங்கி, பிள்ளை பாதியில் விட்டுவிட்ட வீடுகளை யார் எண்ணினார்கள்?

மதுரை அம்மா:
டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். நேற்று ஒரு கணக்கை நான் போட்டேன், தப்பு. அவன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், இரண்டு பேரும் அரைமணி நேரம் மல்லுக்கட்டினோம், விடை வரவில்லை, ஆனால் நோட்டை மூடவில்லை. சனிக்கிழமை போகிறானா என்று அவனையே கேட்கப்போகிறேன். இதையெல்லாம் அவன் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியாச்சு. நீல டிக் வந்துவிட்டது, பதில்தான் இல்லை.