நெகிரி செம்பிலான், பாகாவ் பக்கம் பருவம் மாறுவதை எங்கே பார்த்தீர்கள்?

பாகாவ்காரன்

“நம்ம நாட்டுல என்னங்க பருவம், வெயில் இல்லாட்டி மழை” என்று சொல்லாத ஆள் மலேசியாவில் கிடையாது. அப்படிச் சொல்கிறவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்மரக் (ரப்பர்) காட்டுக்குள் கூட்டிப் போக வேண்டும்.

தைப்பூசம் முடிந்த கையோடு போனால் இலை மஞ்சளாகி, செம்பு நிறத்துக்குப் போயிருக்கும். பிப்ரவரியில் மொத்தமாகக் கொட்டும். நிரைக்கு நிரை மொட்டை மரம். கீழே கணுக்கால் புதைய சருகு, பேசிக்கொண்டு நடந்தால் பக்கத்தில் வருபவர் பேச்சே கேட்காது. பிறகு வரும் துளிர் பச்சையாக வராது. செம்பழுப்பாக, பளபளவென்று, வாடிப்போனது மாதிரி தொங்கும். என் மகளுக்கு நான் காட்டுவது இலையை அல்ல, காம்பை. மூன்று இலையும் காம்போடு சேரும் இடத்தில் கடுகளவு புடைப்பு இருக்கும். இளந்துளிரில் அதில் தேன் சுரக்கும், எறும்பு முந்திக்கொள்ளாவிட்டால் நாக்கில் ஒரு இனிப்புத் தெரியும். பக்கத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் இந்த நாளுக்காகத்தான் காத்திருப்பார்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் அதே காடு வேறு. உச்சி வெயிலில் காய் ‘பட்’டென்று வெடித்து, கொட்டை நாலைந்து மரம் தள்ளிப் போய் விழும். அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து அடுத்தவன் தொடையில் சூடு வைக்காமல் தோட்டத்தில் வளர்ந்தவன் உண்டா?

இப்போது பெரும்பாலும் பாமாயில் தரும் செம்பனைதான். ஜனவரியில் பார்த்தாலும் ஜூலையில் பார்த்தாலும் அதே பச்சை. பால்மரம் மிச்சமிருக்கும் சிறு தோட்டங்களைத் தேடித்தான் போகிறேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பால்காட்டு அக்கா

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நீங்க அழகுன்னு பார்க்கிற மாசம், எங்களுக்குக் கடைக் கணக்கு ஏறுற மாசம். இலை கொட்டினா பால் பிடிக்கிற மங்கு நிறையாது. பால் குறைஞ்சா சம்பளம் குறையும். நிழல் போயிடும், தலைத்துணியை மீறி வெயில் இறங்கும். துளிர் விடுற நேரத்துல மழை, பனின்னு பிடிச்சுக்கிட்டா இன்னும் மோசம், இலையில வெள்ளைப் பொடி படிஞ்சு மறுபடி கொட்டும். அந்த வருஷம் மரம் தேறவே நாளாகும்.

விடியக்காலை மழைன்னாலும் வேலை இல்லை. பட்டை நனைஞ்சா பால் வெட்டுக் கோட்டுல நிக்காம மரம் பூரா வழியும். லயத்து வீட்டு வாசல்ல பால் வெட்டுற உளியை வச்சுக்கிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். எந்த மாசம் எப்படி இருக்கும்னு காலண்டர் பார்த்தா தெரிஞ்சுக்கிட்டோம்?

ஆனா பூ வாசனையைச் சொல்லாம விட்டுட்டீங்க. புது இலையோட சின்னச் சின்னதா வெளிர்மஞ்சள் பூ வரும். காலையில காட்டுக்குள்ள நுழைஞ்சா அந்த வாசனைதான் முதல்ல வரும்.

செம்பனைக்காரன்

அண்ணே, செம்பனைக்குப் பருவம் இல்லை என்பதை ஏற்க மாட்டேன். கண்ணுக்குத் தெரியாது, லாரிக்குத் தெரியும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை குலை குவியும், ஆலை வாசலில் வரிசை நிற்கும். பிப்ரவரியில் அதே வாசல் வெறிச்சோடும். மழையில்லாத காய்ச்சலைக்கூட மரம் மறக்காது. வறட்சி வந்தால் ஆண் பூ அதிகமாகும், குலை குறைவது மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். 2015–16 எல் நினோ வறட்சிக்குப் பிறகு நாட்டின் கச்சா பாமாயில் உற்பத்தி கிட்டத்தட்ட 20 மில்லியன் டன்னிலிருந்து 17.3 மில்லியனுக்கு இறங்கியது. அப்போது எங்கள் கையில் வந்த சம்பளச் சீட்டைப் பார்த்திருந்தால் பருவம் இல்லை என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

பாகாவ்காரன்

குலைக் கணக்கு சரிதான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையைக் கூட்டிப் போய் ஆலை வாசலில் லாரி எண்ணச் சொல்ல முடியுமா? நடக்கிறவனுக்குச் செம்பனைக் காடு ஒன்றும் காட்டாது என்பதில் நான் மாறமாட்டேன்.

அக்கா, கடைக் கணக்கு என்றதும் எங்கம்மா நினைப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் மாசி மாதம் கருவாட்டுக் குழம்புதான்.

சிரம்பான் ரோடு

நாங்கள் குடும்பத்தோடு உலு பெண்டுல் போவோம், குனோங் அங்சி அடிவாரம். வறண்ட மாதங்களில் ஆற்றில் கல் தெரியும், பிள்ளைகளுக்கு முழங்கால்கூட நனையாது. அக்டோபர், நவம்பர் என்றால் காலையில் குளித்துவிட்டு மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள். சாயங்கால இடிமழை மேலே மலையில் பெய்தாலும் போதும், கீழே வெயில் அடிக்கும்போதே கெப்பாலா ஆயேர், அதாவது திடீர் வெள்ளம், இறங்கும். தண்ணீர் கலங்கி, குச்சியும் இலையும் மிதந்து வந்தால் கேள்வியே வேண்டாம், கரை ஏறுங்கள்.

இன்னொன்று. மார்ச் மாதம் போர்ட் டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான் போயிருக்கிறீர்களா? சுமத்ராவில் குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள் வடக்கே திரும்பும்போது, மலாக்கா நீரிணை குறுகலான அந்த இடத்தில்தான் கரை சேரும். பருந்தை மிதக்க வைக்கும் சூடான காற்று கடல்மேல் எழும்பாது, அதனால் இறக்கை அடித்தே கடந்து களைத்துப்போய்த் தாழ்வாக வரும். கலங்கரை விளக்கத்தடியில் நின்றால் வயிற்றுக் கோடுகூடத் தெரியும். விடியற்காலையில் போய்ப் பயனில்லை, பதினொரு மணிக்கு மேல்தான் கூட்டம் கூட்டமாக வரும்.

பால்காட்டு அக்கா

மார்ச்சுல போறதா இருந்தா சொல்லுங்க, பேரனையும் கூட்டிட்டு வர்றேன். பசியாறக் கட்டிக்கிட்டு வந்திடுறேன், ஆனா அந்த லைட்ஹவுஸ் ஏத்தம் எவ்வளவு தூரம்? முட்டி வலி இருக்கு.

சிரம்பான் ரோடு

தார் ரோடுதான் அக்கா, ஆனா ஏத்தம். மெதுவா ஏறலாம். குடையும் தண்ணியும் மறக்காதீங்க. சாப்பாட்டுப் பையை மட்டும் கையிலேயே வச்சுக்குங்க, அங்க குரங்குத் தொல்லை ஜாஸ்தி.